பாடாமல் ஏறியவள்

முப்பத்தொன்று. நேய் மாயெரேயின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தென்னையில் கால் ஊன்றி ஏறுவதற்காக வெட்டப்பட்ட படிகள் அத்தனை. 2017 மார்ச் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்த வேளையில் அவள் முதன்முறையாக அதில் ஏறினாள். பன்னிரண்டாவது வெட்டோடு நின்றுவிட்டாள். மேலே போகக் கால் வரவில்லை, கீழே இறங்கவும் வரவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு நெடுநேரம் அப்படியே நின்றாள். பிறகு எப்படியோ இறங்கி, அடிமரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் அரிசி களைந்தாள்.

மறுநாள் பதினேழு வெட்டு. அதற்கு மறுநாள் இருபத்தாறு. வியாழக்கிழமை மட்டையைத் தொட்டாள்.

அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்பது; நேய் என்பது அங்கே பெண் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல். பசிபிக் கடலின் கிரிபாஸ் தீவுகளில் ஒன்றான நோனௌட்டியில் தெபிகே என்ற கிராமம். கணவன் பவுரோ ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலில் மாலுமி. அந்த ஜனவரியில்தான் புறப்பட்டுப் போயிருந்தான், ஆறு மாத ஒப்பந்தம். மகள் ரேரேவுக்குப் பதினான்கு மாதம். குடும்பத்துக்கு இரண்டு கள் மரங்கள். இரண்டும் பவுரோவின் தகப்பன் வழியில் வந்தவை.

கிரிபாஸ் தீவுகளில் பெண்கள் கள் இறக்குவதில்லை. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. பாய் முடைவது பெண், மரம் ஏறுவது ஆண் என்று இருந்தது, அவ்வளவுதான். யாரும் கேள்வி கேட்காததால் யாரும் பதில் யோசித்து வைத்திருக்கவும் இல்லை.

பவுரோ போகும்போது மரங்களைத் தன் மாமன் மகன் தொங்காபிரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். காலையும் மாலையும் பாளை சீவுவது தொங்காபிரியின் வேலை, இறங்கும் கள்ளில் பாதி அவனுக்கு, பாதி ரேரேவுக்கு. அந்தத் தீவில் குழந்தைகள் வளர்வது புளிக்காத இனிப்புக் கள்ளில்தான். ரேரே பால்பவுடரை வாயில் வைத்தால் துப்புவாள். கள்ளைக் கண்டால் இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொள்வாள்.

ஜனவரியில் போத்தல் நிறைய வந்தது. பிப்ரவரியில் முக்கால் வந்தது. மாதக் கடைசியில் வந்த போத்தலை மாயெரே நக்கிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தது. தொங்காபிரி வீட்டுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கேனில் கள் புளித்துக்கொண்டிருப்பதும், சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் அங்கே உட்கார்ந்து சத்தமாகச் சிரிப்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம். அவள் போத்தலை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனாள்.

"அண்ணே, கெணத்துத் தண்ணி எங்க வீட்லயும் இருக்கு. அத நீங்க கொண்டாந்து தர வேண்டாம்."

தொங்காபிரி சிரித்தான். நாற்பது வயது, அகலத் தோள், அந்தக் கிராமத்தில் ஓங்கிய குரல் அவனுடையது. "மரம் வயசானது, தங்கச்சி. பாளை வத்துது. நான் என்ன பண்ணட்டும்?"

"வத்துற பாளையிலேர்ந்து ஒங்க கேன் மட்டும் எப்படி நெறையுது?"

சுற்றி இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தொங்காபிரியின் சிரிப்பு நின்றது. "அவ்வளவு கெட்டிக்காரியா இருந்தா நீயே ஏறிச் சீவிக்க. யாரு வேணாம்னா?"

அவன் கேலிக்குச் சொன்னான். அவளுக்கு மரம் என்றால் ஆகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

மாயெரேயின் அப்பா பரான், பக்கத்துக் கிராமத்தில் பெயர் பெற்ற கள்காரர். அவர் மரத்தில் பாடினால் காயலில் வலை வீசுகிறவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். மாயெரேக்கு ஒன்பது வயதில், ஒரு மாலை, அவள் அடிமரத்தில் காலிப் போத்தலோடு நின்றுகொண்டிருந்தாள். மேலே பாட்டு உச்சத்துக்குப் போனது. போன இடத்தில் அறுந்தது. அதற்கடுத்து வந்த சத்தத்தை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. பரான் மூன்று நாள் உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு அவள் இரண்டு படி ஏணியில்கூட ஏறியதில்லை. கூரை வேய ஆள் கூப்பிடுவாள். தேவாலயத்தில் மாடத்துக்குப் போய்ப் பாட வேண்டிய பெண்கள் வரிசையில் அவளை மட்டும் கீழே நிறுத்தியிருந்தார்கள்.

அந்த மாயெரேதான் வியாழக்கிழமை மட்டையைத் தொட்டாள்.

பாளை சீவுவது அவளுக்குப் புதிதல்ல. தரையிலிருந்து இருபது வருடம் பார்த்திருந்தாள். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வளைத்துக் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். நுனியைக் காகித கனத்துக்குச் சீவ வேண்டும். அதிகம் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், குறைவாகச் சீவினால் வாய் அடைத்துக்கொள்ளும். சொட்டு வழிந்து சிரட்டைக்குள் விழ ஒரு சிறிய ஓலைத் துண்டைச் செருக வேண்டும். ஒரு வேளை தவறினாலும் மரம் மன்னிக்காது. நுனி காய்ந்துவிடும், அந்தப் பாளை அதோடு சரி. பவுரோவின் கத்தியை அவள் இரண்டு மணி நேரம் சாணைக்கல்லில் தீட்டினாள். கத்தி மழுங்கியிருந்தால் கை அழுத்தும், கை அழுத்தினால் உடம்பு சாயும் என்று அப்பா சொன்னது ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை தொங்காபிரி மரத்தடிக்கு வந்தபோது சிரட்டை ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான், தோளைக் குலுக்கினான், இரண்டாவது மரத்தையும் தொடாமல் போய்விட்டான். இரண்டு நாளில் தானே திரும்பி வருவாள் என்று மனைவியிடம் சொன்னானாம்.

அவள் திரும்பிப் போகவில்லை. ஆனால் ஒரு தப்புச் செய்தாள். அந்தத் தீவில் பிறந்த ஒருத்தி தெரிந்தே செய்யக் கூடாத தப்பு. மரத்தின் மேல் அவள் பாடவில்லை.

மரத்தில் இருக்கிறவன் வாய் திறந்திருக்க வேண்டும் என்பது அங்கே மரம் அளவுக்குப் பழைய வழக்கம். வீட்டுக்கு வீடு கிணற்றடியில் ஓலையால் நாலு பக்கமும் மறைத்த குளியலிடம் உண்டு, மேலே கூரை கிடையாது. தென்னை உச்சியிலிருந்து பார்த்தால் அத்தனையும் தெரியும். அதனால் ஏறுகிறவன் முதல் வெட்டில் கால் வைத்ததும் பாட ஆரம்பிப்பான். நான் மேலே இருக்கிறேன், துணியைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். சத்தமில்லாமல் ஏறுகிறவன் திருட்டுப் பார்வைக்காரன். பாட்டோ வழிவழியாக வருவது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பான். என் கால் இரும்பு, என் கை பருந்து, காற்று என் அடிமை என்கிற மாதிரிப் பாட்டுகள்.

மாயெரேக்கு யாரும் பாட்டுக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பாடியிருக்க மாட்டாள். தரையில் நன்றாகப் பாடுகிறவள்தான். மேலே போனதும் தாடை இறுகிப் பல்லோடு பல் ஒட்டியது. மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருந்தது. பாட்டு எங்கே அறுந்தது என்று அவளுடைய உடம்புக்குத் தெரியும். கண்ணைப் பாளையை விட்டு எடுக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், காலையும் மாலையும் ஏறி இறங்கினாள். எவரையும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

அப்படி எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள், பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை, தொங்காபிரி தன் கிணற்றடியில் தலைக்குச் சோப்புப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற அண்ணாந்தான். முப்பது முழ உயரத்தில் இரண்டு முழங்கால் தெரிந்தது.

அவன் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. அவசரத்தில் லுங்கி என்று நினைத்து மனைவியின் தலையணை உறையை எடுத்துச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தான். கண்ணில் சோப்பு. எதிரே பைபிள் வகுப்பு முடிந்து வந்த பதினாறு பெண்கள். மூன்று நாள் ஊர் அதை மட்டுமே பேசியது. கடையில் அவன் தீப்பெட்டி வாங்கப் போனால், தலையணை உறை வந்திருக்கிறது வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு பெண் தன்னைப் பார்த்தாள் என்பது அவனை அவ்வளவாக வருத்தவில்லை. ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. புதன்கிழமை அவன் பெரியவர்களிடம் முறையிட்டான். வழக்கு சனிக்கிழமை பிற்பகல் ஊர் மண்டபமான மனேயபாவுக்கு வரும் என்று ஆயிற்று.

அவன் கேட்டது இதுதான்: பவுரோ திரும்பும்வரை இரண்டு மரங்களும் தன் கைக்கு வர வேண்டும், அவள் இனி எந்த மரத்திலும் கால் வைக்கக் கூடாது.

நாத்தனார் நேய் தாயோரா அன்று மாலையே வந்துவிட்டாள். பவுரோவின் அக்கா. நல்லவள், ஆனால் ஊர் வாய்க்கு நடுங்குகிறவள். பாயில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். புகையிலைக் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் தொங்காபிரி காலடியில் வை, மன்னிப்புக் கேள், மரத்தைக் கொடுத்துவிடு, என் தம்பி மானத்தைக் காப்பாற்று என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

மாயெரே பாதியை ஒத்துக்கொண்டாள். பாடாதது தப்பு, அதற்குப் புகையிலை கொடுக்கிறேன் என்றாள். மரத்தைக் கொடுக்க முடியாது என்றாள்.

"ஒனக்கு மரம்னாலே பயம். ஊருக்கே தெரியும். அப்புறம் என்னடி வீம்பு?"

"பயந்தான் அக்கா. இன்னிக்குக் காலைல ஏறுறப்பக் கூட ஒண்ணுக்கு வந்துடும் போல இருந்துச்சு."

"அப்ப விட்டுத் தொலையேன்."

"என் பொண்ணுக்குத் தண்ணி ஊத்தினவன் கிட்டயா?"

தாயோரா ரேரேவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போகும்போது, ஞாயிறு சமையலுக்கு மீன் கொடுத்தனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மருத்துவ நிலையத்துக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று அவள் பவுரோவோடு பேசினாள். சேதி அவனுக்கு ஏற்கெனவே போயிருந்தது, கப்பலில் இன்னும் மூன்று தீவுக்காரர்கள் உண்டு. அவன் முதலில் சிரித்தான், தலையணை உறைக்காக. பிறகு குரல் மாறியது. இறங்கிவிடு, கள் வேண்டாம், டப்பாப் பால் வேறு ரகம் வாங்கிப் பார் என்றான். உன் அப்பாவை நினைத்துப் பார் என்றான். நடுக்கடலில் இருந்துகொண்டு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றான்.

அவள் கேட்டாள்: "புயல்ல மேல் தட்டுக்குப் போயி பெட்டிய எல்லாம் இறுக்கிக் கட்டுவேன்னு சொல்லுவியே. அப்ப ஒனக்குப் பயமா இருக்காதா?"

லைனில் கரகரப்பு. அறுந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு அவன் குரல் வந்தது.

"இருக்கும். ரொம்ப இருக்கும். யார்ட்டயும் சொன்னதில்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த தடவை ஒப்பந்தம் யாரு தருவா?"

"எனக்கு ஒப்பந்தம் ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு லைன் நிஜமாகவே அறுந்தது.

சனிக்கிழமை மனேயபாவில் கூட்டம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தூண் பார்த்து இடம் உண்டு. முன்வரிசையில் ஆண் பெரியவர்கள், பின்னால் மற்றவர்கள், அதற்கும் பின்னால் பெண்கள். பவுரோ குடும்பத்து இடத்தில் முன்பாய் காலியாகக் கிடந்தது. மாயெரே அதற்குப் பின்னால் உட்கார்ந்தாள், பக்கத்தில் தாயோரா. தலைமை நக்கிபாய் என்ற பெரியவர். எழுபத்தைந்து வயது, அறுபது வயதுவரை மரம் ஏறியவர், பேச்சு குறைவு.

மாயெரே முதலில் முழங்காலில் நகர்ந்து போய்ப் புகையிலைக் கட்டைத் தொங்காபிரி முன் வைத்தாள். பாடாமல் ஏறியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவன் அதை எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றம் முடிந்தது என்று அர்த்தம். மீதி இருந்தது மரம்.

தொங்காபிரி நன்றாகத்தான் பேசினான். ஆண்கள் தலைக்கு மேலே ஒரு பெண்ணின் கால் நிற்பது சரியா என்று கேட்டான். நாளைக்கு அவள் விழுந்தால் பவுரோவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பலர் தலையாட்டினார்கள். உறவுக்காரன் என்ற முறையில் கவலையால்தான் பேசுகிறேன் என்று முடித்தான்.

நக்கிபாய் மாயெரேயைப் பார்த்தார். ஏன் பாடவில்லை என்று கேட்டார். குளிக்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றா? மாயெரே எழுந்து நின்றாள்.

"இல்ல பெரியவரே. பயத்துல வாய் தெறக்கல."

பயம் என்ற வார்த்தையை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லி அந்த மண்டபம் கேட்டதில்லை. ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. கெட்ட சிரிப்பு அல்ல, நிம்மதிச் சிரிப்பு. வழக்கு முடிந்துவிட்டது என்கிற சிரிப்பு. தொங்காபிரி எழுந்திருக்காமலே சொன்னான்: "பயப்படுறவளுக்கு மரம் எதுக்கு? பெரியவரே, அவளே ஒத்துக்கிட்டா."

மாயெரே உட்காரவில்லை. உட்காரச் சொல்லித் தாயோரா பின்னாலிருந்து துணியை இழுத்தாள். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா பெரியவரே? நான் பொறந்ததுலேர்ந்து கீழ நின்னு ஒங்க எல்லார் பாட்டையும் கேட்டிருக்கேன். எங்கப்பா பாட்டு, ஒங்க பாட்டு, தொங்காபிரி அண்ணன் பாட்டு. எல்லாம் வேற வேற. ஆனா ஒரே எடத்துலதான் எல்லாரும் சத்தத்த ஏத்துறீங்க. கடைசி வெட்ட விட்டுட்டு மட்டைக்குத் தாவுற எடம். கால் வெட்டுல இருக்காது, கை மட்டைல சரியாப் புடிச்சிருக்காது. அங்கதான் 'என் கால் இரும்பு'ன்னு வருது. அங்கதான் தொண்ட கிழியக் கத்துறீங்க. அது ஏன்னு எனக்கு இத்தன வருசம் தெரியல. மேல போயித்தான் தெரிஞ்சுது."

யாரும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா விழுந்ததும் அந்த எடத்துலதான். அவர் அப்ப உச்சத்துல பாடிக்கிட்டிருந்தாரு. நானும் பயப்படுறேன், நீங்களும் பயப்படுறீங்க. ஒங்களுக்குப் பாட்டு இருக்கு, எனக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்காக என் மரத்த இன்னொருத்தருக்குத் தர மாட்டேன்."

பெண்கள் பக்கம் முதலில் ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் நாலு பேர். தன் கணவன் எந்த வரியில் கத்துவான் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஐந்து நிமிடத்தில் பின்வரிசை முழுக்க முகத்தை மூடிக்கொண்டு குலுங்கியது. முன்வரிசையில் கள் இறக்குகிற ஆண்கள் பாயின் முடைச்சலை உற்றுப் பார்த்தார்கள். தொங்காபிரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நக்கிபாய் கையைக் காட்டினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னாலிருந்த யாரோ அவர் தூங்கிவிட்டார் என்று கிசுகிசுத்தார்கள். கடைசியில் பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது. எவர் தலைக்கு மேல் எவர் கால் என்பதைப் பற்றி வழக்கம் ஒன்றும் சொல்லவில்லை, தான் கேட்டதில்லை என்றார். மரத்தில் குரல் வேண்டும் என்று வழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை விடியலில் அவள் ஏறட்டும். குரல் இந்த மனேயபாவரை கேட்டால் மரம் அவளுடையது. கேட்காவிட்டால் பவுரோ வரும்வரை தொங்காபிரியுடையது. அதற்கு மேல் பேச்சில்லை.

இடையில் ஒரு நாள், ஞாயிறு. அன்றும் இரண்டு வேளை ஏறியாக வேண்டும், பாளை காத்திருக்காது. அவள் மறுபடி சத்தமில்லாமல் ஏறிவிடக் கூடாதே என்று தாயோரா அடிமரத்தில் நின்று ஒரு தகரத்தைத் தட்டினாள், எல்லோருக்கும் எச்சரிக்கையாக. மரத்தின் மேல் மாயெரே வாயைத் திறந்து பார்த்தாள். காற்றுதான் வந்தது. இறங்கி வந்ததும் தாயோரா, தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடிவிடேன், யார் வேண்டாம் என்பார்கள் என்றாள். மாயெரே யோசித்தாள். அதில் கர்த்தர் பயத்தைப் போக்கிவிட்டார் என்று வரும், என்னிடம் இன்னும் போகவில்லையே, எப்படிப் பாடுவது என்றாள்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு தெபிகேயில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் குழந்தைகள் மட்டும்தான். எல்லோருக்கும் திடீரென்று முற்றத்தில் வேலை இருந்தது. நாலு பேர் ஒரே வலையைத் தைத்தார்கள். நக்கிபாய் மனேயபாவில் நடுத்தூணுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மரத்துக்கும் அவருக்கும் இருநூறு அடிக்கு மேல் இருக்கும். தொங்காபிரி தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மாயெரே கத்தியை இடுப்பில் செருகி, சிரட்டைக் கயிற்றைத் தோளில் போட்டு, முதல் வெட்டில் கால் வைத்தாள். சத்தமில்லை. ஐந்து, பத்து. சத்தமில்லை. பன்னிரண்டாவது வெட்டில் கொஞ்சம் நின்றாள். கீழே ரேரேவை வைத்துக்கொண்டிருந்த தாயோரா கண்ணை மூடிக்கொண்டாள். இருபது. இருபத்தைந்து. தொங்காபிரி பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான், அவன் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாவது வெட்டு. இனி காலை எடுக்க வேண்டும். வலது கை மட்டைக்கு நீண்டது, முழங்கால் தடதடவென்று மரத்தில் அடித்தது, அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. அப்போது வாய் திறந்தது. முதலில் வந்தது பாட்டு அல்ல, மாட்டிக்கொண்ட பறவை கத்துவது போல ஒரு சத்தம். அது தேய்ந்து, தாளம் பிடித்து, வார்த்தையானது.

"மேல இருக்கேன், மேல இருக்கேன், கேட்டுக்குங்க,
முட்டி ரெண்டும் ஆடுது, மரம் ஆடல.
குளிக்கிற அண்ணே, துணியச் சுத்திக்குங்க,
விழுந்தா நான் ஒங்க மேலதான் விழுவேன்."

வலை தைத்தவர்களில் ஒருவன் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டான். அவள் மட்டைகளுக்கிடையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு குரல் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நிற்கவில்லை. கயிற்றை அவிழ்த்தபடி, நுனியைச் சீவியபடி, இன்னும் உரத்துப் பாடினாள். குரல் நடுங்கியது. அதை அவள் மறைக்க முயலவில்லை.

"பயமே பயமே, நீயும் கூட ஏறிட்ட,
இருக்கிறது ஒரு மட்டை, நகந்து ஒக்காரு.
எனக்கு வேல இருக்கு, எம்பொண்ணுக்குப் பசிக்குது,
கத்தி பட்டா நான் பொறுப்பில்ல, நகந்து ஒக்காரு."

இரண்டாவது முறை 'நகந்து ஒக்காரு' வந்தபோது நாலு வீடு தள்ளி ஒரு பெண் கூடச் சேர்ந்து பாடினாள். யார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. மாயெரே சிரட்டையை மாற்றினாள், ஓலைத் துண்டைச் சரிசெய்தாள், இறங்கினாள். இறங்கும்போதும் பாடினாள். தரையில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். சிரட்டையில் இருந்த கள் போத்தலில் முக்கால் வந்தது.

தொங்காபிரி மனேயபாவுக்கு விரைவாக நடந்தான். அவனுக்குப் பின்னால் பாதி ஊர் போனது. அது கள் பாட்டே இல்லை, அழுகைப் பாட்டு என்றான் அவன். தான் அஞ்சுகிறேன் என்று ஒரு கள்காரன் பாடினால் நாளைக்குப் பக்கத்துக் கிராமம் நம்மைப் பற்றி என்ன நினைக்கும் என்று கேட்டான்.

நக்கிபாய் இன்னும் அதே தூணடியில் இருந்தார். "கேட்டுச்சு" என்றார். தொங்காபிரி மறுபடி ஆரம்பித்தான். அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நான் நாப்பத்தஞ்சு வருசம் ஏறியிருக்கேன். அந்த எடத்துல நான் கத்துனது எதுக்குன்னு எம்பொண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்ல. போ, போய் ஒன் மரத்தச் சீவு. நேரமாச்சு."

உண்மையிலேயே நேரமாகியிருந்தது. அன்று காலை இந்த வழக்கைப் பார்க்க நின்றதில் தெபிகேயின் கள்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் மரத்துக்குத் தாமதமாகத்தான் போனார்கள். மட்டைக்குத் தாவும் இடத்தில் அன்று பல குரல்கள் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தன. பின்வரிசைப் பெண்கள் கீழே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது காரணமாக இருக்கலாம். தொங்காபிரி மட்டும் எப்போதும் போல ஓங்கிப் பாடினான். அவனைக் குறை சொல்வதற்கில்லை, அவனுக்கு நல்ல குரல்.

மாயெரேயின் பயம் போகவில்லை. அதற்குப் பிறகும் தினமும் இரண்டு வேளை அவளுக்கு முட்டி தடதடத்தது, சில நாள் வாந்தி வந்தது. பயப்படாத அன்றைக்கு ஏற மாட்டேன், அன்றைக்குத்தான் விழுவேன் என்று தாயோராவிடம் சொன்னாள். பாட்டில் மட்டும் வரிகள் கூடின.

பவுரோவின் கப்பல் ஜூலையில் அவனை இறக்கிவிட்டிருக்க வேண்டும். மாற்று ஆள் கிடைக்காமல் ஒப்பந்தம் டிசம்பர்வரை நீண்டது. அது எதுவும் தெரிவதற்கு முன்பே, பாடத் தொடங்கி ஒரு வாரத்தில், ஏப்ரல் மூன்றாம் தேதி காலை, முதல் மரத்துப் பாளையைச் சீவி இறங்கிய கையோடு, மாயெரே சீவ ஆளில்லாமல் பாளை காய்ந்து கிடந்த இரண்டாவது மரத்தில் ஏறி ஒரு புதுப் பாளைக்குக் கயிறு சுற்றினாள்.